வேலிக்கு வெளியே ஒரு கணக்கு இருக்கு

இயற்கை விவசாயத்தில் நாலைந்து வருடம் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், "உங்களுக்கு இப்போ பெரிய தொல்லை எது?" என்று. பூச்சி என்றோ நோய் என்றோ சொல்பவர்கள் குறைவு. தண்ணீர், தீவனம், வேலைக்கு ஆள், விலை. இந்த நாலும்தான் வரும்.

எங்கள் பகுதி உழவர் குழு மாதம் ஒருமுறை கூடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் மானாவாரிப் பக்கம். நிலக்கடலை, சோளம், கம்பு, கொஞ்சம் காய்கறி, வீட்டுக்கு இரண்டு மூன்று மாடு. பெரும்பாலும் ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர்கள்தான். ஒரு கூட்டத்தில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வருடத்தில் வீட்டை விட்டுப் பணம் எந்தெந்த வழியில் வெளியே போகிறது என்று எழுதச் சொன்னோம். உரக்கடை, மருந்துக்கடை கணக்கு அநேகமாக எல்லாத் தாளிலும் காணாமல் போயிருந்தது. சந்தோசம்தான். ஆனால் அடுத்த வரியைப் பார்த்தால் போர் போட வாங்கிய கடனுக்கு வட்டி, மோட்டார் ரிப்பேர், விலைக்கு வாங்கிய வைக்கோல், தவிட்டு மூட்டை, ஆஸ்பத்திரிச் செலவு. உரக்கடைக்குப் போன பணம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது.

"செலவைக் குறைச்சாச்சு, வீட்ல ஏன் காசு தங்க மாட்டேங்குது?" என்று ஒரு அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணைச் சரிசெய்வது நம் வேலிக்குள் நடக்கிற வேலை. தண்ணீரும் தீவனமும் கூலியும் வேலிக்கு வெளியே தீர்மானமாகிறவை. என் கிணற்றின் ஊற்று பக்கத்துக் காட்டுக்கு அடியில் ஓடுகிறது. என் மாட்டுக்குப் புல் கிடைக்கணும் என்றால் ஊரில் மந்தை இருக்கணும். களை எடுக்க வருகிற பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது வேறு பல விசயங்களோடு சேர்ந்தது. இவற்றை நான் ஒருவனாகச் சரிசெய்ய முடியாது. ஊர் கூடித்தான் செய்யணும். அப்படிக் கூடுவதற்கு நமக்கு ஒரு சபையே இருக்கிறது. அதில்தான் நாம் போய் உட்காருவதில்லை.

சட்டம் கொடுத்த பட்டியல்

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் ஊராட்சிகளுக்கு உரிய பொறுப்புகள் என்று 29 இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முதல் இனமே வேளாண்மை. இரண்டாவது நிலச் சீர்திருத்தமும் மண்வளப் பாதுகாப்பும். மூன்றாவது சிறுபாசனமும் நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடும். நாலாவது கால்நடை. ஆறாவது சமூகக் காடு. பதினாறாவது வறுமை ஒழிப்பு. இருபத்தொன்பதாவது ஊர்ப் பொதுச் சொத்துகளைப் பராமரிப்பது.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். வறுமை ஒழிப்பும் வேளாண்மையும் நீரும் கால்நடையும் ஒரே கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? வேளாண்மை ஒரு துறை, கால்நடை ஒரு துறை, குளம் ஒரு துறை, வேலைத் திட்டம் ஒரு துறை. ஊராட்சிக்கு மிஞ்சுவது தெருவிளக்கும் குழாயடியும். இந்த நாலையும் ஒரே கயிற்றில் முறுக்கிய ஊர்கள் நம் நாட்டில் சில இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றி எங்கள் குழுவில் இரண்டு கூட்டம் முழுக்கப் பேசினோம். மகாராஷ்டிராவின் அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) இருக்கும் ஹிவரே பஜார்.

ஹிவரே பஜாரில் நடந்தது

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி அது. வருட மழை சுமார் 400 மில்லிமீட்டர்தான், பல வருடம் அதற்கும் கீழே. தமிழ்நாட்டின் சராசரி ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். அதாவது நமக்குப் பெய்வதில் பாதிகூட அவர்களுக்கு இல்லை. ஊரின் பரப்பு ஆயிரம் ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு.

1972 பஞ்சம் அந்த வட்டாரத்தையே உலுக்கியது. மலையில் மரம் போச்சு, கிணறு வற்றிப் போச்சு, ஆட்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள். ஊரில் சாராயம் காய்ச்சுவது குடிசைத் தொழில் மாதிரி ஆனது. அந்த ஊருக்கு மாற்றல் என்றால் அரசு ஊழியர்கள் தண்டனையாக நினைத்த காலம் அது.

1989-ல் ஊர் இளைஞர்கள் சேர்ந்து, தங்கள் ஊரில் மேல்படிப்பு முடித்த போபட்ராவ் பவாரைத் தலைவராக நிற்க வைத்தார்கள்.  அவர் போட்டியின்றித் தேர்வானார். (2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.) சாராயத்தை நிறுத்தினார்கள், பள்ளிக்கூடத்தைச் சரிசெய்தார்கள். அதன்பிறகு மாநில அரசின் மாதிரிக் கிராமத் திட்டத்தில் சேர்ந்து, கிராம சபையில் ஐந்து கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள்: மரம் வெட்டுவதில்லை, மாடு ஆடுகளை அவிழ்த்துவிட்டு மேய்ப்பதில்லை, மது இல்லை, குடும்பக் கட்டுப்பாடு, ஊர் வேலைக்கு உழைப்புக் கொடை.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். மகாராஷ்டிராவில் அப்போதே வேலை உறுதித் திட்டம் இருந்தது. 1972 பஞ்சத்தில் தொடங்கி 1977-ல் சட்டமான திட்டம். 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு அதுதான் முன்னோடி. அந்தப் பணத்தில் எங்கோ ரோட்டோரம் மண்ணைக் கிளறிவிட்டுப் போகாமல், ஊரைச் சுற்றியுள்ள மலைச்சரிவில் சமமட்டக் குழி வெட்டினார்கள். சுமார் 40,000 குழிகள். ஓடைகளில் தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, காட்டில் மரக்கன்று. கூலி வாங்கியவர்கள் ஊர்க்காரர்கள். வேலை நடந்த இடம் ஊர் நிலம். அந்த வேலையால் நின்ற தண்ணீரும் அதே ஊரின் கிணற்றுக்கு வந்தது. ஒரு ரூபாய் மூன்று தடவை ஊருக்குள் சுற்றியிருக்கிறது.

1995-ல் அங்கே வறுமைக்கோட்டுக்குக் கீழே 168 குடும்பங்கள். 1998-ல் 53. பிறகு பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மூன்று என்று வந்தது. அந்த ஊர் வறுமைக்கு அரசுக் கோட்டை மட்டும் பார்க்கவில்லை, தானே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டது: இரண்டு வேளைச் சாப்பாடு, பிள்ளை படிப்பு, வைத்தியம். இந்த மூன்றுக்கும் முடியாத வீடு ஏழை வீடு. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது டெல்லிக்கும் சென்னைக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

முதலில் மழையை அளந்தார்கள்

2004 வாக்கில் ஹிவரே பஜார் தண்ணீர் பட்ஜெட் போடத் தொடங்கியது. ஊரில் மழைமானி வைத்து எவ்வளவு பெய்தது என்று எழுதுகிறார்கள். கிணறுகளில் நீர்மட்டம் பார்க்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் கிராம சபை கூடி, கையில் இருக்கிற தண்ணீர் எவ்வளவு என்று கணக்கு வைக்கிறார்கள். மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்க எவ்வளவு என்பது முதல் பங்கு. அன்றாடப் புழக்கம் அடுத்தது. மிச்சத்தில்தான் பாசனம். அதிலும் ஒரு பகுதியை வருகிற வருடத்துக்கு என்று நிலத்தடியிலேயே விட்டுவிடுகிறார்கள். மழை குறைந்த வருடத்தில் அதற்கேற்ற பயிர்தான். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கிடையாது, திறந்த கிணறுதான். கரும்பும் வாழையும் கிடையாது.

இதைப் படித்ததும் நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடலாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். என் நாலு ஏக்கரில் வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு கோடியே பத்து லட்சம் லிட்டருக்கு மேலே. கேட்க எவ்வளவு பெரிசா இருக்கு! ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிறது, ஓடிவிடுகிறது. மண்ணில் இறங்கி ஊற்றில் சேருவது சிறு பங்குதான்.

இப்போது செலவுப் பக்கம். நிலக்கடலைக்கு மொத்த நீர்த்தேவை 500 முதல் 700 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 20 முதல் 28 லட்சம் லிட்டர். கரும்புக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 60 லட்சம் முதல் ஒரு கோடி லிட்டர். ஒருவர் ஒரு ஏக்கர் கரும்பு வைத்தால் மூன்று ஏக்கர் நிலக்கடலைக்குப் போகிற தண்ணீர் போகிறது. கரும்பு வைக்கிறவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு ஆலை விலை கொடுக்கிறது, கடன் கிடைக்கிறது. நமக்கு அடியில் இருப்பது ஒரே தொட்டி, அதிலிருந்து யார் எவ்வளவு எடுக்கிறார் என்று எழுதி வைத்த கணக்கு எந்த ஊரிலும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கணக்கு இல்லாத இடத்தில் ஆழம்தான் பேசும். யார் அதிக ஆழம் போட வசதி உள்ளவரோ அவருக்குத் தண்ணீர். சின்ன விவசாயி கடன் வாங்கி அவரைத் துரத்துகிறார். எங்கள் தாள்களில் வந்த அந்த வட்டிக் கணக்கு இப்படித்தான் பிறந்தது. அதனால்தான் போர்க்கடனை நான் விவசாயச் செலவு என்று பார்க்காமல், ஊர் நிர்வாகம் இல்லாததற்கு நாம் கட்டுகிற அபராதம் என்று பார்க்கிறேன்.

புல் வளர்ந்தது, பால் வந்தது

ஹிவரே பஜாரில் திறந்த மேய்ச்சலை நிறுத்தியதும் காட்டில் புல் எழுந்தது. 2000-ல் 100 டன்னாக இருந்த புல் விளைச்சல் 2004-ல் 6,000 டன் என்று பதிவாகியிருக்கிறது. அறுத்துக்கொண்டு போய் வீட்டில் போடலாம், அவிழ்த்துவிடக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில் நாளுக்கு 150 லிட்டராக இருந்த பால் 2010 வாக்கில் 4,000 லிட்டர் வரை போனது. வெளியூர் போன குடும்பங்கள் சில திரும்பி வந்தன.

இயற்கை விவசாயிக்கு இதில் இன்னொரு சேதி இருக்கிறது. நாம் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், தொழுவுரம் என்று பயிற்சியில் எழுதிக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் மாடு வேண்டும். மாட்டுக்குப் புல் வேண்டும். புல்லுக்கு மந்தை வேண்டும். எங்கள் ஊர் மந்தையில் இன்று பாதி சீமைக்கருவேலம், கொஞ்சம் ஆக்கிரமிப்பு, கொஞ்சம் குப்பை. வைக்கோலை லாரிக்காரரிடம் வாங்கிப் போட்டு, அந்தச் சாணத்தில் ஜீவாமிர்தம் கலக்குகிறோம். இடுபொருள் செலவே இல்லை என்று மேடையில் சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. மந்தையை மீட்டால்தான் அந்தச் செலவு குறையும். மந்தை ஊராட்சி எல்லைக்குள் இருக்கிற பொது நிலம். அதற்குப் பேச வேண்டிய இடம் கிராம சபை.

கூட்டத்தில் எழுந்த நாலு கேள்வி

இதையெல்லாம் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். நல்ல சண்டை நடந்தது. அந்தக் கேள்விகளை அப்படியே தருகிறேன், உங்கள் ஊரிலும் இதுதான் வரும்.

முதல் கேள்வி பக்கத்துக் காட்டு அண்ணனிடமிருந்து: "என் காட்டுல நான் போர் போடக் கூடாதுன்னு சொல்றதுக்கு ஊர் யாரு? என் புள்ள படிப்புக்கு ஊரா பணம் கட்டுது?"

நியாயமான கேள்வி. சட்டப்படிப் பார்த்தாலும் தமிழ்நாட்டில் 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. தடை போட ஊராட்சியிடம் பெரிய கத்தி எதுவும் இல்லை. ஹிவரே பஜாரிலும் முதல் நாளே போர் தடை வரவில்லை. முதலில் குழி வெட்டி, தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்தார்கள். ஏறின தண்ணீரை ஒருவர் உறிஞ்சினால் எல்லாருக்கும் போகும் என்பது அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. கட்டுப்பாடு நிற்பதற்கு முன்னால் பலன் கண்ணில் தெரியணும். அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏறட்டும், அப்போ பேசுவோம்" என்றார். அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது கேள்வி காட்டு வேலைக்கு வருகிற ஒரு அக்கா கேட்டது. அவருக்கு நிலம் இல்லை, நாலு வெள்ளாடு இருக்கிறது. "தண்ணி ஏறுனா உங்க கெணத்துலதான் ஏறும். எங்களுக்கு என்னங்க? மேய்ச்சலையும் நிறுத்திப்புட்டா ஆட்டை வித்துட்டு நாங்க எங்க போறது?"

இதுதான் கனமான கேள்வி. நீர்ப்பிடிப்பு வேலை எங்கே நடந்தாலும் லாபம் முதலில் நிலம் உள்ளவனுக்கு, அதிலும் பள்ளத்தில் நிலம் உள்ளவனுக்கு. இதற்கு மகாராஷ்டிராவிலேயே ஒரு பதில் இருக்கிறது. புனே மாவட்டம் புரந்தர் வட்டாரத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து. அதுவும் 1972 பஞ்சத்துக்குப் பிறகு வந்ததுதான். அங்கே தண்ணீர்ப் பங்கை நில அளவை வைத்துப் பிரிக்கவில்லை. வீட்டில் எத்தனை தலை என்று எண்ணி, தலைக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. கரும்புக்கு இடமில்லை. நிலத்தோடு ஒட்டிப் பிறந்த உரிமை என்று நாம் நினைக்கிற தண்ணீரை அவர்கள் ஆளோடு சேர்த்துவிட்டார்கள்.

நாம் அவ்வளவு தூரம் போக இன்னும் காலம் ஆகலாம். ஆனால் மந்தைப் புல்லை அறுக்கும் முதல் உரிமை நிலமில்லாத வீட்டுக்கு, குளத்து மீனிலும் கரை மரத்திலும் அவர்கள் குழுவுக்குப் பங்கு, மேய்ச்சலை நிறுத்துவதாக இருந்தால் மந்தையைப் பகுதி பகுதியாக மட்டும் நிறுத்துவது. இவற்றைத் தீர்மானத்திலேயே எழுதலாம். எழுதாத தீர்மானத்துக்கு அந்த அக்கா கை தூக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

மூன்றாவது: "அங்க ஒரு நல்ல தலைவர் கெடச்சார். நமக்கு யார் இருக்கா?" உண்மை. ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள சின்ன ஊர், பல வருடம் ஒரே தலைமை. எல்லா ஊருக்கும் அது வாய்க்காது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியோடு பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான். அவர்களை யாரும் கலைக்க முடியாது.

நாலாவது, குடும்பக் கட்டுப்பாட்டை ஊர்க் கட்டுப்பாடாக வைத்தது சரியா என்பது. எங்கள் குழுவுப் பெண்கள் சரியில்லை என்றார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு ஊர் நல்லது செய்தது என்பதற்காக அதன் எல்லா விதியையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

"நூறு நாள் வேலையால ஆள் கிடைக்கல"

நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. நடவு நேரத்தில், கடலை பிடுங்கும் நேரத்தில் ஆள் இல்லாமல் தவிப்பது எனக்கும் தெரியும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். மானாவாரிக் காட்டில் நாம் கொடுக்கிற வேலை வருடத்தில் சில வாரங்கள்தான். மிச்ச நாளுக்கு அந்த வீட்டில் எதை வைத்து உலை ஏற்றுவார்கள்? வேலைத் திட்டம் இல்லாத காலத்தில் அவர்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். அப்போதும் நமக்கு ஆள் இல்லைதான்.

2005 சட்டப்படி, அடுத்த வருடம் என்னென்ன வேலை, எந்த மாதத்தில் என்பதைக் கிராம சபைதான் பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அக்டோபர் 2 கூட்டத்தில் அது வந்தது. கோடையில், காட்டு வேலை இல்லாத பங்குனி, சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர் வாருதல், குளக்கரை, சமமட்டக் குழி என்று ஊர் கேட்டு எழுதலாம். சிறு, குறு விவசாயியின் சொந்தக் காட்டிலும் பண்ணைக்குட்டை, வரப்பு, மண்புழு உரத் தொட்டி, மாட்டுக் கொட்டகை போன்ற வேலைகளுக்கு இடம் இருந்தது. வேலை அட்டை வைத்திருந்து, தானும் அதில் வேலை செய்யணும் என்பது விதியாக இருந்தது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அட்டையே இல்லை. "நாம போய் அட்டை வாங்குறதா?" என்ற கௌரவம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் வேலை, செலவில் மாநிலங்கள் பெரும்பாலும் 40 சதவீதம் ஏற்பது, விதைப்பு அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைப்பது என்று அதில் இருக்கிறது. ஆள் கிடைக்கும் என்று இதில் சந்தோசப்படுகிற விவசாயிகள் உண்டு. எனக்கு ஒரு கவலை இருக்கிறது. எங்கள் காட்டில் ஆடிப்பட்டம், ஆற்றுப்பாசனத்தில் வேறு பட்டம். நிறுத்துகிற 60 நாள் எது என்பதை ஊர்ப் பட்டத்தைப் பார்க்காமல் மேலிருந்து குறித்தால் விவசாயிக்கும் ஆள் கிடைக்காது, கூலி வீட்டிலும் அடுப்பு எரியாது. சட்டத்தின் பெயர் மாறட்டும். எங்கள் ஊரில் எந்த மாதம் காடு காலியாக இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நாம். சொல்லணும்.

நாங்கள் செய்தது

பெரிய சாதனை எதுவும் இல்லை. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு மழைமானி வைத்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில் பார்த்துக் கரும்பலகையில் எழுதுகிறார்கள். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, குழுவில் உள்ளவர்களின் திறந்த கிணறுகளில் மாதம் ஒருநாள் நீர்மட்டம் பார்த்து நோட்டில் ஏற்றுகிறோம். நிலமில்லாத வீடுகளையும் சேர்த்து, தெருத் தெருவாக உட்கார்ந்து எந்த வீட்டில் எந்தெந்த மாதம் முடை என்று கேட்டு எழுதினோம். பங்குனி முதல் ஆனி வரை என்று அநேக வீடு சொன்னது. ஊர் வேலை எப்போது நடக்கணும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

இதை எடுத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போனோம். மூன்று தீர்மானம். குளத்து வரத்து வாய்க்காலைக் கோடைக்குள் தூர் வார வேண்டும் என்பது நிறைவேறியது, வேலையும் நடந்தது. மந்தையில் சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டு ஒரு பகுதியில் ஒரு பருவம் மேய்ச்சலை நிறுத்தி, புல்லை நிலமில்லாத வீடுகள் அறுத்துக்கொள்வது என்ற தீர்மானம். ஆடு வைத்திருப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பேசிப் பேசிக் கடைசியில் பாதி மந்தைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆடுகள் இரண்டு தடவை உள்ளே போய்விட்டன. ஆனாலும் மழைக்குப் பிறகு புல் எழுந்தது. ஆட்டுக்கார அக்காவே மூன்று வாரம் அறுத்துப் போட்டார். மூன்றாவது, புதிதாகப் போர் போடுபவர்கள் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் ஊராட்சியில் எழுதி வைக்கணும் என்பது. வெறும் பதிவுதான், தடை இல்லை. அதுகூட நிறைவேறவில்லை. அண்ணன்தான் முதல் எதிர்ப்பு. இந்த வருடம் மறுபடி கொண்டு போவோம்.

நீங்கள் தொடங்க

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம். தண்ணீர்க் கணக்கைப் படிக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நம் குழுவில் இருபது குடும்பம் சேர்ந்து போனாலே அதில் கணிசமான பங்கு நாம்.

போகும்போது வாயால் பேச மட்டும் போகாதீர்கள். தீர்மானத்தை முன்கூட்டியே தாளில் எழுதி, சர்வே எண்ணோடு, எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர் என்று கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் கேட்டு வாங்கி வையுங்கள். குளத்து வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தருகிற ஏற்பாடு 2024-ல் வந்துவிட்டது. வண்டல் எடுக்கும் வேலையையும் தூர் வாரும் வேலையையும் ஒரே கோடையில் வைத்துக்கொண்டால் குளமும் ஆழமாகும், காட்டுக்கும் மண் வரும்.

நிலமில்லாத வீடுகளில் இருந்து குறைந்தது பத்துப் பெண்களையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முதல் தீர்மானமாக வையுங்கள். அவர்கள் கூட நிற்காத எந்த ஊர்த் திட்டமும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. ஆடு உள்ளே போகும்.

வீட்டுக்கு இரண்டு தாள் போதும். ஒன்றில் இந்த வருடம் உங்கள் வீட்டை விட்டுப் பணம் போன வழிகள். இன்னொன்றில் உங்கள் கிணற்றின் நீர்மட்டம், மாதம் மாதம். இரண்டையும் பக்கத்துக் காட்டுக்காரரிடம் காட்டிப் பேசுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, அவர் கிணற்றின் அளவையும் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.